போரை ஆங்கிலத்தில் எழுதும்போது: வினைச்சொல், வாக்கிய அமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செய்தி மொழிபெயர்ப்பவர்களுக்குப் பல ஆண்டுகளாக வகுப்பு எடுக்கிறேன். மற்ற செய்திகளில் ஒரு வினைச்சொல் பிசகினால் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். போர்ச் செய்தியில் அப்படி முடியாது. யார் சுட்டது, யார் செத்தது, யார் முதலில் எல்லையைத் தாண்டியது எல்லாமே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

எத்தனை வினைச்சொற்கள் தெரிந்திருந்தால் போதும்?

எட்டில் தொடங்குங்கள். அந்த எட்டும் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான். பள்ளியில் மனப்பாடம் செய்த வெண்பாவை நினைத்துப் பாருங்கள்: “வெட்சி நிரைகவர்தல், மீட்டல் கரந்தையாம், வட்கார்மேல் செல்வது வஞ்சியாம்…” போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ, ஒரு வினை.

நிரை, அதாவது மாட்டு மந்தையைக் கவர்தல் என்பது ரெய்ட். மீட்டல் என்பது ரிகவர். மீட்பது ஓர் இடம் என்றால் ரீடேக். பகைவர் மேல் செல்வது இன்வேட். எதிரூன்றல் ரெசிஸ்ட். எயில், அதாவது கோட்டையைக் காத்தல் டிஃபெண்ட். அதை வளைத்தல் பிசீஜ். அதிரப் பொருவது ஃபைட். செருவென்றது வின்.

இதில் ரெய்டையும் இன்வேடையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ரெய்ட் செய்தவர்கள் வந்த வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இன்வேட் செய்தவர்கள் நிலத்துக்காக வந்தவர்கள், அல்லது ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்கள். ஒரே இரவில் வந்து போன கமாண்டோக்களை ‘இன்வேட்’ என்று எழுதினால் சம்பவத்தைப் பத்து மடங்கு ஊதியதாக ஆகிவிடும்.

‘போலந்து மீது படையெடுத்தது’ என்பதற்கு ‘இன்வேடட் ஆன்’ என்று எழுதலாமா?

கூடாது. ‘மீது’ என்ற சொல் நம் மண்டையில் உட்கார்ந்திருப்பதால் கை தானாக ‘ஆன்’ போடுகிறது. ஆங்கிலத்தில் இன்வேட், அட்டாக், பாம், ஷெல், பிசீஜ் எல்லாம் நேராகச் செயப்படுபொருளைப் பிடிக்கும். “ஜெர்மனி இன்வேடட் போலந்து”, அவ்வளவுதான். நடுவில் ஒன்றும் வராது.

சரி, ‘அட்டாக் ஆன்’ என்று எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறோமே? படித்திருப்பீர்கள். அங்கே அட்டாக் பெயர்ச்சொல். “தி அட்டாக் ஆன் தி சிட்டி”, அதாவது நகரத்தின் மீதான தாக்குதல். பெயராக நின்றால் ‘ஆன்’ வேண்டும், வினையாக நின்றால் வேண்டாம். போர்ச் செய்தி மொழிபெயர்ப்பில் நான் சிவப்புப் பேனாவால் அதிகம் அடிக்கும் சொல் இந்த ‘ஆன்’தான்.

‘போர் அறிவித்தது’ மட்டும் விலக்கு. அதற்கு ‘டிக்ளேர் வார் ஆன்’ என்றே எழுத வேண்டும். 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்தை இன்வேட் செய்தது. செப்டம்பர் 3 அன்று பிரிட்டனும் பிரான்சும் ‘டிக்ளேர்ட் வார் ஆன் ஜெர்மனி’. இந்த இரண்டு தேதியையும் நினைவில் வைத்தால் இரண்டு அமைப்பும் கூடவே வந்துவிடும்.

இன்னொரு சங்கடமான சொல் ‘ஃபைட் வித்’. “தே ஃபாட் வித் தி ஃபிரெஞ்ச்” என்றால் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்தா, அவர்களோடு சேர்ந்தா? இரண்டுக்கும் இடமுண்டு. எதிர்த்து என்றால் ‘அகென்ஸ்ட்’, சேர்ந்து என்றால் ‘அலாங்சைடு’ போட்டுவிடுங்கள்.

‘எதிரியை வென்றான்’ என்பதை ‘வன் தி எனிமி’ என்று எழுதினேன். தவறு என்கிறார்களே?

தவறுதான். தமிழில் ‘வெல்’ தாராளமான சொல். எதிரியையும் வெல்லலாம், போரையும் வெல்லலாம், போரிலும் வெல்லலாம். ஆங்கிலத்தின் ‘வின்’ போரை மட்டும் வெல்லும், எதிராளியை வெல்லாது. எதிராளிக்கு ‘டிஃபீட்’ அல்லது ‘பீட்’. பிரிட்டனின் வெலிங்டனும் பிரஷ்யாவின் புளூஷரும் 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியனை டிஃபீட் செய்தார்கள். போரை வின் செய்தார்கள். நெப்போலியன் பக்கமிருந்து சொன்னால் ‘லாஸ்ட் தி பேட்டில்’, அல்லது ‘வாஸ் டிஃபீட்டட் அட் வாட்டர்லூ’.

தப்பைச் சரிசெய்யப்போய் சிலர் ‘வன் ஓவர் தி எனிமி’ என்று எழுதுகிறார்கள். அதற்கு எதிரியின் மனதை மாற்றித் தன் பக்கம் இழுத்துக்கொண்டான் என்று பொருள். போர்க்களச் செய்தியில் அது வேறு கதையாகிவிடும்.

‘அழிந்தது’, ‘மூண்டது’, ‘மூழ்கியது’ போன்றவற்றை எப்படி எழுதுவது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. தமிழின் வளம் இந்த இடத்தில் நம்மை இடறிவிடுகிறது.

நம்மிடம் மூன்று வழி இருக்கிறது. ஊர் அழிந்தது. ஊரை அழித்தார்கள். ஊர் அழிக்கப்பட்டது. முதலாவதில் தானாக நடந்ததுபோல் இருக்கிறது, இரண்டாவதில் ஆள் தெரிகிறார், மூன்றாவதில் ஆள் மறைந்திருக்கிறார், ஆனால் இருக்கிறார். ஆங்கிலத்தின் ‘டெஸ்ட்ராய்’க்கு முதல் வழியே கிடையாது. “தி டவுன் டெஸ்ட்ராய்ட்” என்று நிறுத்தினால், எதை அழித்தது என்று படிப்பவர் காத்துக்கொண்டிருப்பார். அழிந்தது, அழிக்கப்பட்டது இரண்டுக்கும் ‘வாஸ் டெஸ்ட்ராய்ட்’ ஒன்றுதான்.

‘மூண்டது’ இதற்கு நேர் எதிர். “வார் பிரோக் அவுட்” என்பது தானாக நடக்கும் வினை மட்டுமே. ‘வாஸ் பிரோக்கன் அவுட்’ என்று செயப்பாட்டுவினை ஆக்க முடியாது. போரை மூட்டினார்கள் என்று சொல்ல வேண்டுமானால் சொல்லையே மாற்ற வேண்டும்: ‘ஸ்டார்ட்டட் தி வார்’. ‘கொலாப்ஸ்’, அதாவது இடிந்து விழுவதும், பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, இரண்டு பக்கமும் போகும் வகை. ‘எக்ஸ்ப்ளோட்’, ‘ஸ்கேட்டர்’, ‘சிங்க்’ எல்லாம் அதில் சேரும். தமிழில் மூழ்கு, மூழ்கடி என்று தனித்தனியாக இருப்பதை ஆங்கிலம் ‘சிங்க்’ என்ற ஒன்றிலேயே முடித்துக்கொள்கிறது.

ஒரு கப்பலை வைத்துப் பார்ப்போம். 1982 மே 2 அன்று ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ என்ற போர்க்கப்பலைப் பிரிட்டனின் கான்கரர் நீர்மூழ்கிக் கப்பல் டார்பிடோ வீசி மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். “தி பெல்கிரானோ சாங்க்” என்று எழுதினால் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் புயலில் மூழ்கியதுபோல் இருக்கிறது. “தி பெல்கிரானோ வாஸ் சங்க்” என்றால் யாரோ மூழ்கடித்தார்கள். “எ பிரிட்டிஷ் சப்மரீன் சாங்க் தி பெல்கிரானோ” என்றால் யார் என்பதும் வந்துவிட்டது. சாங்க், வாஸ் சங்க்: காதில் விழும் வித்தியாசம் ஒரு சின்ன ஒலிதான். அந்த ஒலிக்குள் 323 பேரின் சாவுக்கு யார் காரணம் என்ற செய்தி இருக்கிறது. அதனால்தான் இதற்கு ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்குவேன்.

‘ஷாட்’, ‘ஷாட் அட்’ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ‘ஷாட் அட் ஹிம்’ என்றால் அவரை நோக்கிச் சுட்டார்கள். குண்டு பட்டதா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. ‘ஷாட் ஹிம்’ என்றால் குண்டு பட்டது. உயிர் போனதா தெரியாது. ‘ஷாட் ஹிம் டெட்’ என்றால் சுட்டுக் கொன்றார்கள். தமிழில் ‘சுட்டார்கள்’ என்பது முதல் இரண்டுக்கும் பொதுவாக ஓடும். அதனால் மூலச் செய்தியில் ‘சுட்டனர்’ என்று மட்டும் இருந்தால் மொழிபெயர்க்கும் முன் செய்தியாளரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்க வழியில்லையென்றால் ‘ஓப்பன்ட் ஃபயர் ஆன்’ பாதுகாப்பானது. துப்பாக்கிச் சூடு தொடங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

‘டார்கெட்’ என்பதற்கும் இதே எச்சரிக்கை. குறிவைத்தது வேறு, பட்டது வேறு. பட்டதற்கு ‘ஹிட்’ அல்லது ‘ஸ்ட்ரக்’.

பாம், பாம்பார்ட், ஷெல்: எது எங்கே?

விமானத்திலிருந்து குண்டு போட்டால் பாம். பீரங்கியிலிருந்து வந்தால் ஷெல். நெடுநேரம் விடாமல் பொழிந்தால் பாம்பார்ட். பாம்பார்ட் விமானத்துக்கும் வரும், பீரங்கிக்கும் வரும். ‘பாம்’ என்பதன் கடைசி எழுத்து உச்சரிப்பில் வராது என்பதால் ‘பாம்பிங்’ என்று படிக்காதீர்கள், அது ‘பாமிங்’.

சரணடைந்தார்கள் என்பதற்கு ‘வேர் சரண்டர்ட்’ சரியா?

சரியில்லை. ‘அடைந்தார்கள்’ என்பது நமக்கு ஏதோ அவர்களுக்கு நேர்ந்ததுபோல் ஒலிக்கிறது, அதனால் ‘வேர்’ ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் சரணடைவது அவர்களே செய்யும் செயல்: “தி சோல்ஜர்ஸ் சரண்டர்ட்”. யாரிடம் என்று சொல்ல ‘டு’. ‘வேர் சரண்டர்ட்’ என்றால் வேறு யாரோ அவர்களைப் பிடித்து ஒப்படைத்தார்கள் என்று ஆகும்.

பின்வாங்குவதில் இரண்டு சொற்கள் உண்டு. ‘ரிட்ரீட்’ என்பதில் எதிரியின் நெருக்கடி தெரியும். ‘வித்ட்ரா’ நிதானமானது, திட்டமிட்டது என்ற சாயல் கொண்டது. தோற்றுப் பின்வாங்கும் படை தன் அறிக்கையில் எப்போதும் ‘வித்ட்ரா’ என்றே சொல்லும். அறிக்கையை மேற்கோளாகக் கொடுங்கள், உங்கள் சொல்லாக்கிவிடாதீர்கள்.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு தரப்பும் வேறு வேறு வினைச்சொல் பயன்படுத்தினால் எதை எடுப்பது?

மறுபடியும் வெட்சியும் கரந்தையும்தான். ஒருவரின் கவர்தல் இன்னொருவரின் மீட்டல். 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினாப் படைகள் ஃபாக்லாந்து தீவுகளில் இறங்கின. பிரிட்டனைப் பொறுத்தவரை அது இன்வேஷன். அந்தத் தீவுகளை மால்வினாஸ் என்று அழைக்கும் அர்ஜென்டினாவைப் பொறுத்தவரை அது மீட்பு. ஜூன் 14 அன்று அர்ஜென்டினாப் படை அங்கே சரணடைந்தபோது, மீட்பு என்ற சொல் பிரிட்டன் பக்கம் போய்விட்டது.

இப்படிப்பட்ட இடத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய செயலைச் சொல்லும் வினைக்கு இறங்கிவிடுங்கள். ‘லேண்டட்’, ‘என்டர்ட்’, ‘டுக் கன்ட்ரோல் ஆஃப்’. படைகள் இறங்கின, நுழைந்தன, கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. இவற்றை இரு தரப்பும் மறுக்க முடியாது.

அதற்காக எல்லா இடத்திலும் நடுநிலை என்று சொல்லி மழுப்புவதும் எனக்கு உடன்பாடில்லை. 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் குவைத்துக்குள் நுழைந்ததை ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை அன்றே இன்வேஷன் என்று பெயரிட்டுக் கண்டித்தது. அதை வெறும் ‘என்டர்ட்’ என்று எழுதினால் பாதிக்கப்பட்டவருக்கு அநியாயம். அந்த ஒரு போரிலேயே நான்கு சொற்களை வரிசையாகக் கற்றுக்கொள்ளலாம். எல்லை தாண்டியது இன்வேட். படையை நிறுத்தி ஆண்டது ஆக்கியுபை. அதே ஆகஸ்டில் தன் நாட்டின் பகுதி என்று அறிவித்தது அனெக்ஸ். 1991 பிப்ரவரி இறுதியில் கூட்டணிப் படைகள் விடுவித்தது லிபரேட். ஆக்கியுபையும் அனெக்ஸும் ஒன்றல்ல. பின்னதில் வரைபடமே மாறுகிறது.

பார்வை மாறும்போது எழுவாயும் மாறும் என்பதற்கு 1942 பிப்ரவரி 15 போதும். ஜப்பான் சிங்கப்பூரை ‘கேப்சர்’ செய்தது. பிரிட்டன் சிங்கப்பூரை ‘சரண்டர்’ செய்தது. சிங்கப்பூர் ‘ஃபெல்’. மூன்றும் ஒரே நாள், ஒரே ஊர். மூன்றாவதில் இரு படைகளும் காணாமல் போய் ஊர் மட்டும் மிஞ்சுகிறது. தலைப்புகளுக்கு அது அழகாக இருக்கும். உள்ளே முதல் பத்தியிலேயே யார், யாரிடம் என்பது வந்தாக வேண்டும்.

பாஸிவ் வாய்ஸைத் தவிர்க்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டியும் சொல்கிறதே?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். செயப்பாட்டுவினை பழியை மறைக்கிறது என்பது பாதி உண்மை. பேர்ள் ஹார்பர் தாக்கப்பட்ட மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நாடாளுமன்றத்தில் பேசிய உரையைக் கேளுங்கள். முதல் வாக்கியமே செயப்பாட்டுவினை: அமெரிக்கா “வாஸ் சடன்லி அண்ட் டெலிபரட்லி அட்டாக்ட் பை நேவல் அண்ட் ஏர் ஃபோர்சஸ் ஆஃப் தி எம்பயர் ஆஃப் ஜப்பான்”. அடிபட்ட நாடு எழுவாயாக முன்னால் நிற்கிறது, அடித்தவர் ‘பை’ என்ற சொல்லோடு முழுப் பெயரில் பின்னால் வருகிறார். எதுவும் மறையவில்லை. அப்புறம் அதே உரையில் செய்வினைக்கு மாறுகிறார்: நேற்றிரவு ஜப்பானியப் படைகள் ஹாங்காங்கைத் தாக்கின, நேற்றிரவு ஜப்பானியப் படைகள் குவாமைத் தாக்கின, நேற்றிரவு ஜப்பானியப் படைகள் பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தாக்கின என்று சம்மட்டி அடிபோல அடுக்குகிறார். இரண்டு வாய்ஸுக்கும் தனித்தனி வேலை இருப்பதை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது.

ஆபத்து வருவது ‘பை’ காணாமல் போகும்போதுதான். “ட்வென்டி சிவிலியன்ஸ் வேர் கில்ட்” என்று நிறுத்திவிட்டால், கொன்றது யார் என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று அடுத்த வாக்கியத்தில் எழுதுங்கள். தெரிந்தும் விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். தமிழில் ‘கொல்லப்பட்டனர்’ என்றால் கொன்றவர் ஒருவர் உண்டு. ஆங்கிலத்தின் ‘வேர் கில்ட்’ நிலநடுக்கத்துக்கும் விபத்துக்கும் கூட வரும். ஆகவே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது, நிலநடுக்கச் செய்தியில் ‘உயிரிழந்தனர்’ என்று எழுதுங்கள். தமிழிலிருந்து போகும்போது, குண்டுவீச்சில் ‘உயிரிழந்தனர்’ என்று இருந்தால் ‘டைட்’ (இறந்தனர்) போடாமல் ‘வேர் கில்ட்’ போடுங்கள். ‘டைட்’ நோயாளியின் படுக்கைக்குப் பொருத்தமான சொல்.

வினையைவிட மோசமாக மறைப்பது பெயர்ச்சொல். ‘கிளாஷஸ் எரப்டட்’ என்றால் மோதல் வெடித்தது. யார் தொடங்கினார்கள் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. குறிவைக்காத பொதுமக்களும் கட்டடங்களும் அடிபடுவதைச் சொல்லும் ‘கொலாட்டரல் டேமேஜ்’ என்பதில் மனிதர்களே இல்லை. இப்படிப் பெயராக உறைந்து கிடப்பதை வினையாக உடைத்தால் எழுவாய் தானாக வெளியே வரும்.

‘கேஷுவல்டீஸ்’ என்றால் பலியானவர்கள்தானே?

இல்லவே இல்லை. போர்க்கணக்கில் கேஷுவல்டி என்றால் இறந்தவர், காயமடைந்தவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாரும் சேர்ந்தது. முதல் உலகப் போரில், 1916 ஜூலை 1, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில் பிரிட்டிஷ் தரப்பின் கேஷுவல்டீஸ் 57,470. அதில் இறந்தவர்கள் 19,240. ‘57,470 பேர் பலி’ என்று ஒரு மாணவர் எழுதிக்கொண்டு வந்தார். ஒரு சொல்லால் சாவு மூன்று மடங்கானது. இதனுடன் வரும் வினைகளும் முக்கியம்: இழப்பைச் சந்தித்தால் ‘சஃபர்ட்’, இழப்பை ஏற்படுத்தினால் ‘இன்ஃபிளிக்டட்’. இதை மாற்றிப்போட்டால் அடித்தவர் அடிபட்டவராகிவிடுவார்.

காலத்தை எப்படி வைப்பது?

முடிந்த போருக்குச் சாதாரண இறந்தகாலம் போதும். இன்றைய செய்திக்கு முதல் வாக்கியம் ‘ஹேவ் என்டர்ட்’ என்று தொடங்கி, நேரம் குறிப்பிடும் வாக்கியத்திலிருந்து ‘என்டர்ட்’ என்று மாறும். ஒன்றுக்கு முன்னால் நடந்த இன்னொன்றுக்கு ‘ஹேட்’: உதவிப் படை வருவதற்குள் கோட்டை ‘ஹேட் சரண்டர்ட்’. வரலாறு எழுதும்போது ‘வுட்’ கைகொடுக்கும். 1941 செப்டம்பரில் லெனின்கிராட் முற்றுகை தொடங்கியது, அது ‘வுட் லாஸ்ட் 872 டேஸ்’. அங்கே நின்று முன்னோக்கிப் பார்க்கும் பார்வை அது.

தலைப்புகளில் “ரெபல்ஸ் சீஸ் ஏர்போர்ட்” என்று நிகழ்காலம் இருந்தாலும் பொருள் இறந்தகாலம். “டவுன் ஹிட் பை ஷெல்லிங்” என்பதில் ‘வாஸ்’ விழுங்கப்பட்டிருக்கிறது. ஊர் யாரையும் அடிக்கவில்லை.

என் ஆங்கில வாக்கியங்கள் மூச்சு வாங்குகின்றன. என்ன செய்வது?

காரணம் வினையெச்சம். ‘ஆற்றைக் கடந்து, பாலத்தைத் தகர்த்து, ஊருக்குள் நுழைந்து, காவல் நிலையத்தைக் கைப்பற்றிய படையினர், மறுநாள் காலை பீரங்கித் தாக்குதலுக்கு ஆளாகிப் பின்வாங்கினர்.’ தமிழில் இது சுகமாக ஓடும். அப்படியே ‘ஆஃப்டர் கிராஸிங், ஆஃப்டர் டெஸ்ட்ராயிங்’ என்று கோத்தால் ஆங்கிலத்தில் மூச்சு முட்டும்.

மூன்றாக வெட்டுங்கள். “தி ட்ரூப்ஸ் கிராஸ்ட் தி ரிவர் அண்ட் ப்ளூ அப் தி பிரிட்ஜ். தே என்டர்ட் தி டவுன் அண்ட் சீஸ்ட் தி போலீஸ் ஸ்டேஷன். தி நெக்ஸ்ட் மார்னிங் தே கேம் அண்டர் ஆர்ட்டில்லரி ஃபயர் அண்ட் ரிட்ரீட்டட்.” ஒரு வாக்கியத்துக்கு இரண்டு வினை. ‘ஆளாகி’ என்பதற்கு ‘கேம் அண்டர்’ எவ்வளவு இயல்பாக வந்து உட்காருகிறது பாருங்கள்.

எச்சத்தை வைத்தே தீருவேன் என்றால் எழுவாயைக் கவனியுங்கள். “ஹேவிங் கிராஸ்ட் தி ரிவர், தி பிரிட்ஜ் வாஸ் ப்ளோன் அப்” என்று எழுதினால் ஆற்றைக் கடந்தது பாலம் என்று பொருள்படும். ‘மழை பெய்து மரம் குழைத்தது’ (தளிர்த்தது) என்று இரண்டு எழுவாயைத் தமிழ் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆங்கிலத்திடம் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

உலகப் போருக்கு ‘தி’ வருமா?

‘தி ஃபர்ஸ்ட் வேர்ல்ட் வார்’ என்றால் வரும். ‘வேர்ல்ட் வார் ஒன்’ என்றால் வராது.

‘போர் முடிந்தது’ என்று எப்போது எழுதலாம்?

சண்டை நின்றதற்கும் போர் முடிந்ததற்கும் சொற்கள் வேறு. ‘சீஸ்ஃபயர்’ சுடுவதை நிறுத்துவது. ‘ட்ரூஸ்’ தற்காலிக ஓய்வு. ‘ஆர்மிஸ்டிஸ்’ எழுதிக் கையெழுத்திட்ட போர்நிறுத்த ஒப்பந்தம். ‘பீஸ் ட்ரீட்டி’ வந்தால்தான் சட்டப்படி சமாதானம். சீஸ்ஃபயரை அறிவித்தால் ‘டிக்ளேர்’, இரு தரப்பும் ஏற்றால் ‘அக்ரீ டு’, ஒப்பந்தத்துக்கு ‘சைன்’, மீறினால் ‘வயலேட்’ அல்லது ‘பிரேக்’.

கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது ஆர்மிஸ்டிஸ். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. அதனால் அந்த ஆண்டைப் பற்றி எழுதும்போது ‘தி வார் எண்டட்’ என்பதை அடித்துவிட்டு, ‘தி ஃபைட்டிங் ஸ்டாப்ட்’ என்று எழுதச் சொல்கிறேன்.